காவலில்லாத் தபாற்பெட்டி
டாட்மூர் மேட்டுநிலத்து வழக்கமொன்றின் வரலாறு

வரலாறு என்றவுடன் முடிமன்னரின் ஆட்சியாண்டுகளையும் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் நினைத்துக்கொள்வது நம்மிடையே ஊறிப்போன பழக்கமாகும். பரீட்சைக்கு வேண்டப்படுவன அவையே ஆதலின் மாணவரைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிய விரும்புவோன் அரசு விதித்த சட்டங்களை மட்டும் கற்று அமையாது, எவரும் விதியாமலே மக்கள் தாமாகக் கைக்கொண்ட வழக்கங்களையும் நோக்குதல் வேண்டும். சட்டத்தை மீறினோனுக்குத் தண்டனை உண்டு. இத்தகைய வழக்கத்தை மீறினோனைத் தண்டிப்பார் இலர். அங்ஙனமிருந்தும் சில வழக்கங்கள் நூறாண்டுக்கு மேலாக நிலைபெற்று வந்துள்ளன. அவை எதனால் நிலைபெற்றன என்பது வரலாற்று மாணவன் ஆராய்தற்குரிய வினாவாகும். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியிலுள்ள டாட்மூர் என்னும் மேட்டுநிலத்திலே, 1854ஆம் ஆண்டில் அத்தகைய வழக்கமொன்று தோன்றியது. தபாற்கந்தோரும் தபாற்காரனும் இல்லாத இடத்தில் வைக்கப்பட்ட தபாற்பெட்டியைப் பற்றியது அது. அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆளில்லாத இடத்திற் கடிதத்தை வைத்துப் பின்வருவோன் கையில் ஒப்படைத்தல் டாட்மூரிலேதான் முதன்முதல் நிகழ்ந்தது எனல் பொருந்தாது. தேவை நெருக்கியபோது கடலோடிகள் முன்னரே இங்ஙனம் செய்துள்ளனர். கப்ராலின் கப்பற்றொகுதியைச் சேர்ந்த பேதுரு த அத்தாயிதே என்னும் போர்த்துக்கேயத் தலைவன், இந்தியாவிலிருந்து மீளும் வழியில் தென்னாபிரிக்கக் கரையிலுள்ள மொசெல் விரிகுடாவில் இறங்கி, கள்ளிக்கோட்டையில் நேர்ந்த கலகத்தைக் கடிதமாக எழுதி, அதனைச் சப்பாத்தொன்றினுள் இட்டு மரத்திலே தொங்கவிட்டான் என்பது மரபு. 1501ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கிழக்கு நோக்கிச் சென்ற யோவான் த நோவா அக்கடிதத்தைக் கண்டெடுத்து எச்சரிக்கை அடைந்தான். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த 1505ஆம் ஆண்டுக்கு நான்காண்டு முற்பட்ட செய்தி இது. சப்பாத்து என்னும் சொல்லே அவர்தம் மொழியிலிருந்து நமக்கு வந்ததன்றோ! பின்னர் ஒல்லாந்தக் கப்பலோட்டிகளும் நன்னம்பிக்கை முனையை அடுத்த மேசை விரிகுடாவிலே, எழுத்துப் பொறித்த கற்களின் கீழ்க் கடிதங்களை வைத்துச் சென்றனர். அடுத்து வருங் கப்பல் தனக்குரியதல்லாத கடிதத்தையும் சுமந்துசெல்லும் என்னும் நம்பிக்கையே இவற்றுக்கெல்லாம் ஆதாரம். ஆனால் கடலோடிகளுக்கு வேறு வழியில்லை. இன்று உதவுவோன் நாளை உதவி பெறவேண்டியவன். டாட்மூரிலோ அத்தகைய நிர்ப்பந்தம் ஏதும் இருந்ததில்லை. அங்கே சென்றவர் பொழுதுபோக்காக நடந்து சென்றவரே. நிர்ப்பந்தமில்லாவிடத்தும் நம்பிக்கை நிலைத்தது என்பதே இவ்வழக்கத்தின் சிறப்பு.

நிலத்தின் இயல்பை அறியாதார்க்கு வழக்கத்தின் பொருள் விளங்காது. டாட்மூர் ஒரு பெருங் கருங்கன் மேடு. 1951ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட அப்பரப்பு ஏறத்தாழ 954 சதுரக் கிலோமீற்றர் கொண்டது. அதன் உச்சி 621 மீற்றர். மழையும் மூடுபனியும் மிக்க அம்மேட்டிலே மரங்கள் அரியன. ‘டோர்’ எனப்படும் கருங்கற் பாறைக் குவியல்கள் ஆங்காங்கே கோபுரங்கள்போல் நிற்கின்றன. அவற்றுக்கிடையே தாவரங்கள் அழுகிப் படிந்த முற்றாநிலக்கரிப் படைகளும், கால்வைத்தால் அமிழும் சதுப்புகளும் பரந்துகிடக்கின்றன. ஆர்தர் கொனன் டொயில் 1902இல் நூலாக வெளியிட்ட பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையைப் படித்த மாணவர் இந்நிலத்தை ஓரளவு அறிவர். அக்கதை நிகழுங் களம் டாட்மூரே.

இம்மேட்டின் வடபாகத்திலே, ஏறத்தாழ 1,800 அடி உயரத்திற் கிரான்மியர்க் குளம் என்னும் இடம் உளது. குளம் என்பது பெயரளவிலேதான்; நீர் வற்றிய கரிய சேற்றுப் பள்ளமே அங்குக் காணப்படுவது. ஓக்ஹாம்ரன் நகரத்து மேயர் ஒருவரின் ஆவி, தான் செய்த தீங்குக்குத் தண்டனையாக, அக்குளத்தைச் சல்லடையால் இறைத்து முடிக்குமாறு விதிக்கப்பட்டதென்றும், அவ்வாவி ஆட்டுத்தோலொன்றைச் சல்லடையினுள் விரித்து நீரை இறைத்து முடித்துவிட்டதென்றும் அவ்வூரார் கதை கூறுவர். குளத்தில் நீரில்லாமைக்கு மக்கள் கண்ட காரணம் இது. டாட், ரோ, ரேவி முதலிய ஆறுகள் இக்குளத்தைச் சூழ்ந்த சதுப்பிலேயே ஊற்றெடுக்கின்றன. சாக்போட் என்னும் சிற்றூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ ஆறு மைல் தூரமே உளதாயினும், சதுப்புகளைச் சுற்றி வழிகண்டு செல்லுதல் அக்காலத்திற் பழகிய வழிகாட்டியின்றி இயலாத காரியமாயிருந்தது.

சாக்போட் ஊரவனான ஜேம்ஸ் பெரற் என்பவன் அத்தகைய வழிகாட்டிகளுட் பெயர்பெற்றவன். பிறவூர்களிலிருந்து வருவோரை அழைத்துச்சென்று மேட்டுநிலத்தைக் காட்டுவது அவன் தொழில். கிரான்மியரை அடைந்தோர் தாம் அங்குச் சென்றதற்குச் சான்றாகத் தமது பெயர்ச்சீட்டை இட்டுச்செல்லுமாறு, 1854இல் அவன் அங்கே ஒரு போத்தலை வைத்தான். இச்செய்தியை நமக்கு அறிவிப்பது வில்லியம் குறொசிங் என்பார் 1909இல் வெளியிட்ட டாட்மூர் வழிகாட்டி நூலாகும். நிகழ்ச்சிக்கு 55 ஆண்டு பிற்பட்ட நூலேயாயினும், அந்நிலத்தையும் அங்கு வாழ்ந்தோரையும் ஆயுள் முழுவதும் நேரிற் கண்டு எழுதியவர் கூற்றாதலின் அது மதிக்கத்தக்கது.

பெயர்ச்சீட்டு என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அக்காலத்து ஆங்கில உயர்குடியினரும் நடுத்தர வகுப்பினரும் ஒரு வீட்டுக்குச் சென்றபோது வீட்டார் இல்லாவிடின் தமது பெயர் அச்சிட்ட சீட்டொன்றை வைத்துவிட்டு மீள்வது வழக்கம். பெரற் வைத்த போத்தல் அவ்வழக்கத்தை வரவேற்பறையிலிருந்து சதுப்புநிலத்துக்குக் கொண்டு சென்றது எனலாம். வீட்டார் எக்காலமும் இல்லாத வீடு அது! எனவே தொடக்கத்தில் இவ்வழக்கம் பெயர்ச்சீட்டு வைத்திருப்போர்க்கே உரியதாயிருந்தது. ஓய்வும் பொருளும் உடையோரே அவர்.

இஃது ஏன் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றியது? தனியொருவனின் மதிநுட்பத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. 1840ஆம் ஆண்டு சனவரியிலே பிரித்தானியாவெங்கும் ஒரு பென்னிக் கட்டணத் தபால் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே உலகின் முதற்றபால் முத்திரை வெளியாயிற்று. அதுவரை செல்வர்க்கே எளிதாயிருந்த கடிதப் போக்குவரத்து, கூலியாளனுக்கும் கைக்கெட்டியது. நாவலாசிரியராகப் பின்னர்ப் புகழ்பெற்ற அந்தனி றொலப், தபாற்பகுதி உத்தியோகத்தராக 1851இல் நாட்டுப்புறத் தபால் விநியோகத்தைச் சீர்செய்யும் பணியை டெவன் பகுதியிலேயே தொடங்கினார். அவர்தம் ஆலோசனையின் பேரில் 1852இல் ஜேர்சித் தீவில் வீதியோரத் தபாற்பெட்டிகள் நிறுத்தப்பட்டன. 1853இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரிலும் அத்தகைய பெட்டியொன்று எழுந்தது. பெரற் போத்தலை வைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஒன்று மற்றொன்றுக்கு நேர்க் காரணம் எனத் துணிதல் மிகையாகும். ஆயினும் தன் கைப்பட எழுதியதொன்றை வீதியிலுள்ள பெட்டியில் இட்டு, முகமறியாதார் அதனைச் சேர்ப்பிப்பர் என்று நம்பி வீடு திரும்பும் மனப்பான்மை அந்நாளிற் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

இதன்பின் நிகழ்ந்த மாற்றங்கள் சமுதாய வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவன. 1866இல் மோட்டன்ஹாம்ஸ்ரெட் வரையும், 1871இல் ஓக்ஹாம்ரன் வரையும் புகையிரதப் பாதை வந்தது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பயனாக எழுத்தறிவு பரவிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடுமுறை நாட்களை ஏற்படுத்தியது. நகரத்து எழுதுவினைஞனும் பள்ளியாசிரியனும் விடுமுறையில் மேட்டுநிலத்துக்கு வரத் தலைப்பட்டனர். கிரான்மியரில் இருந்த போத்தல் காலப்போக்கில் தகரப்பெட்டிக்கு இடங்கொடுத்தது. 1894இல் பெல்ஸ்ரன் டோரிலே இரண்டாவது பெட்டி ஏற்பட்டது. 1905ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே பிளிமத் நகரத்தவர் இருவர் கிரான்மியரில் வருகைப் புத்தகமொன்றை வைத்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் 609 பேர் அதிற் கையொப்பமிட்டனர். 1908ஆம் ஆண்டிலோ கையொப்பங்கள் 1,741 ஆயின. பெயர்ச்சீட்டு வேண்டியிருந்தவிடத்து இப்போது பெயரெழுதத் தெரிந்தாற் போதும். 1921இல் வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து எட்டாம் எட்வேட் மன்னர், கிரான்மியருக்குச் சென்று அப்புத்தகத்திற் கையொப்பமிட்டார். கோண்வால் கோமகன் என்ற முறையில் டாட்மூரின் பெரும்பகுதிக்கு உரிமையாளர் அவரே. தம் நிலத்திலே தாமும் ஒரு வழிப்போக்கராய், எழுதுவினைஞர் பெயர்களோடு ஒரே புத்தகத்திற் பெயரெழுத நேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

பெட்டிக்குத் தபாற்பெட்டி என்னும் பெயர் வந்த காரணத்தை இனிக் கூறுதல் வேண்டும். 1870ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே பிரித்தானியாவில் அரைப்பென்னித் தபாலட்டை வெளியாயிற்று. பெட்டியை அடைந்தோன் தனக்கோ தன் நண்பனுக்கோ விலாசமிட்டு முத்திரை ஒட்டிய அட்டையொன்றை அதனுள் வைப்பான். அங்கு முன்னரே இருப்பனவற்றை எடுத்துச்சென்று, ஊரடைந்ததும் தபாலிற் சேர்ப்பான். அவன் வைத்த அட்டையை அவனுக்குப் பின் வருவோன் எடுத்துச் செல்வான். கோடைகாலத்தில் அட்டை மறுநாளே கிளம்புதல் கூடும். மாரியிலோ வாரக்கணக்கிற் கிடத்தலும் உண்டு. பெட்டியில் இட்ட நாளுக்கும் அட்டைமேற் குத்தப்பட்ட தபாற்கந்தோர் முத்திரையின் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அந்நிலத்தின் தனிமைக்கு அளவுகோலாயிற்று.

இங்கே கொள்வோனுக்கும் கொடுப்போனுக்கும் உள்ள தொடர்பை நுணுகி நோக்குக. ஒருவன் எவனுடைய அட்டையைத் தபாலிற் சேர்க்கிறானோ அவன் இவனுடைய அட்டையைச் சேர்ப்பதில்லை. முன்சென்றவனுக்கு இவன் செய்யும் உதவியைப் பின்வருவோன் இவனுக்குச் செய்கிறான். கைம்மாறு, உதவி பெற்றவனிடமிருந்து வருவதன்று. மூவரும் ஒருவரையொருவர் காண்பதுமில்லை. பெட்டிக்குப் பூட்டில்லை; காவலில்லை; அட்டையை எடுத்தவன் வழியில் எறிந்துவிடின் அறிவார் எவருமிலர். இருந்தும் அட்டைகள் வீடு வந்து சேர்ந்தன. ஒப்பந்தமும் ஒறுத்தலும் இல்லாவிடின் மனிதர் ஒழுங்காக நடவார் என்பது அரசியல் நூலோரிற் சிலரின் கொள்கை. அதற்குச் சிறியதோர் எதிர்ச்சான்று இது. ஆனால் அச்சான்றை அளவுக்கு மிஞ்சி நீட்டுதலும் கூடாது. மைல்கணக்காகச் சேற்றிலே நடந்தவனே பெட்டியை அடைந்தான். அங்ஙனம் நடந்தவன் முன்னர் நடந்தவனின் முயற்சியை மதித்தான். வழியின் கடினமே பெட்டிக்குக் காவலாயிருந்தது எனலாம்.

பெட்டிகளை நிலைநிறுத்தியவர் அரசினரல்லர், மக்களே. 1937இல் மேற்குப் பகுதி நாளிதழொன்றின் வாசகர் உதவிய பணத்தைக் கொண்டு கிரான்மியரிற் கருங்கற் பெட்டி கட்டப்பட்டது. 1847இற் பிறந்து 1928இல் மறைந்த குறொசிங்கின் நினைவாக, 1938இலே தென்பாகத்து வாத்துக்குளம் என்னுமிடத்தில் நினைவுக் கல்லொன்றும் தபாற்பெட்டியொன்றும் அமைக்கப்பட்டன. வறுமையிலும் நோயிலும் உழன்றவர் அவ்வாசிரியர். அவருக்குச் சிலை எடுக்காது, நடந்து சென்றோர் மட்டும் காணத்தக்க பெட்டியொன்றை அமைத்தமை பொருத்தமானதே.

1970ஆம் ஆண்டுகள் வரை இத்தகைய பெட்டிகள் ஏறத்தாழப் பன்னிரண்டே இருந்தன. அதன்பின் வழக்கம் பெருகிற்று, வடிவமும் மாறிற்று. தபாலட்டையின் இடத்தை இறப்பர் முத்திரை பெற்றது. பெட்டியினுள் ஒரு முத்திரையும் ஒரு புத்தகமும் இருக்கும். வருவோன் அம்முத்திரையைத் தன் கைப்புத்தகத்திற் பதித்துக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டியிலுள்ள புத்தகத்திற் பதிப்பான். பெட்டி பாறையிடுக்கில் மறைந்திருக்கும். இன்ன டோரிலிருந்து இத்தனை பாகையில், இத்தனை அடி தூரத்தில் என்னும் குறிப்பைக் கொண்டு, திசையறி கருவியின் துணையால் அதனைக் காணவேண்டும். நூறு முத்திரைகள் சேர்த்தோரே உறுப்பினராகத் தக்க சங்கமொன்றும் தோன்றியது. அது பெட்டிகளின் குறிப்பேட்டை வெளியிட்டது. பன்னிரண்டாய் இருந்த பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் பெருகின.

பெருக்கம் தீங்கையும் உடன்கொணர்ந்தது. டாட்மூர் தொல்பொருள் மிகுந்த நிலம். வெண்கலக் காலத்து மக்கள் நாட்டிய கல்வரிசைகளும், இறந்தோரைப் புதைத்த கற்பேழைகளும், வட்டக் குடிசைகளின் அடிச்சுவர்களும் அங்குத் திறந்தவெளியிற் கிடக்கின்றன. பெட்டி தேடுவோர் பாறைகளைப் புரட்டினும், புற்கரணைகளைப் பெயர்ப்பினும், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று ஒரு பிற்பகலில் அழிதல் கூடும். இதனால் நிலவுரிமையாளரும் பூங்கா அதிகாரிகளும் கவலை கொண்டனர். சங்கத்தாரோடு கலந்து நெறிகள் வகுக்கப்பட்டன. தொல்பொருட் சின்னங்களிற் பெட்டி வைத்தலாகாது, சுவரைக் கலைத்தலாகாது, சீமெந்து இடலாகாது, கன்று காலிகளுக்கு இடையூறு விளைத்தலாகாது என்பன அவற்றுட் சில. எழுதா வழக்கம் எழுதிய விதியாகும் நிலை இது. சிலர் அறிந்த பன்னிரண்டு பெட்டிகளுக்கு விதி வேண்டியதில்லை. பலர் தேடும் ஆயிரம் பெட்டிகளுக்கு வேண்டியதாயிற்று. மனிதர் கெட்டனர் என்று இதற்குப் பொருளன்று. கடினம் குறைந்தவிடத்துக் கட்டுப்பாடு வேண்டப்படும் என்பதே பொருள்.

இவ்வழக்கத்தின் அடிப்படையான மற்றொன்றும் உளது. நடக்கும் உரிமை இன்றேல் பெட்டியும் இல்லை. கிரான்மியர் இராணுவத்தின் சுடுபயிற்சிக் களத்தினுள் அமைந்தது. செங்கொடி பறக்கும் நாட்களில் அங்குச் செல்லுதல் தடுக்கப்படும். தனியார் நிலத்திலும் பொதுமக்கள் கால்நடையாகவும் குதிரைமீதும் சென்று உலாவும் உரிமையை 1985ஆம் ஆண்டு டாட்மூர்ப் பொதுநிலச் சட்டம் உறுதிசெய்தது. அவ்வுரிமையுள் இரவிற் கூடாரமிட்டுத் தங்குதலும் அடங்குமோ என்னும் வினா நிலவுரிமையாளர் சிலரால் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2023 சனவரியில் மேல்நீதிமன்றம் அடங்காது எனத் தீர்த்தது. அவ்வாண்டு யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2025 மே மாதத்திலே உச்ச நீதிமன்றம் மக்கட்கு உரிமையுண்டு என முடிவாகத் தீர்ப்பளித்தது. 1854இற் பெரற் அழைத்துச்சென்றோர் எவருடைய நிலத்தில் நடக்கின்றோம் என்று எண்ணியிருத்தல் அரிது. இன்று அது நீதிபதிகள் ஆராய்ந்து கூறவேண்டிய பொருளாயிற்று.

டாட்மூர் வழக்கம் கடல்கடந்து சென்ற வகையையும் கூறி முடிப்பாம். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே, வேர்மொன்ற், நியூ ஹம்சயர் என்னும் இரு மாநிலங்களுக்கிடையே கொனெற்றிக்கற் ஆறு பாய்கின்றது. அப்பள்ளத்தாக்கின் ஊர்களிலே 1995இல் ஒரு கல்வி முயற்சி தொடங்கியது. டாட்மூர் வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பள்ளி மாணவரும் ஊர்ப் பெரியோரும் தம்மூர்ப் பழைய ஆலை, பாலம், இடுகாடு, காடு ஆகியவற்றின் வரலாற்றைத் தேடியறிந்து, அதனைப் பாட்டு வடிவிலே வழிக்குறிப்பாக இயற்றி, வழியின் முடிவிற் பெட்டியை ஒளித்துவைத்தனர். பெட்டியைத் தேடி வருவோர் அவ்வூரின் வரலாற்றைக் கற்றுக்கொண்டே வருவர். 1998இலே ஸ்மித்சோனியன் சஞ்சிகை டாட்மூர்ப் பெட்டிகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டபின் அந்நாடெங்கும் ஆர்வம் பரவிற்று.

மாரியில் உறைபனி மூடும் வேர்மொன்ற் போன்ற நாட்டிலே நடைபாதைகளே பனிச்சறுக்குப் பாதைகளாதலும் உண்டு. அம்மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைவரை ஏறத்தாழ 300 மைல் நீளும் பனிச்சறுக்குப் பாதையொன்று 1984இல் தொடங்கப்பட்டது. பனி மூடிய நிலத்தில் அடிக்கணக்கு உதவாது. கீழ்க்கிடக்கும் கல்லும் வேரும் கண்ணுக்குப் புலப்படா. எனவே அத்தகைய இடத்துக்குக் குறிப்பு எழுதுவோன், பாதைகள் கூடும் சந்தியையும், பனிக்குமேல் நிற்கும் பெருமரத்தையும், பாலத்தையும் அடையாளமாகக் கொள்ளல் வேண்டும். நிலத்துக்கேற்ப வழக்கம் தன்னை மாற்றிக்கொள்ளுமாறு இது. 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே செய்மதி வழியாக இடமறியுங் கருவிகளின் துல்லியத்துக்கு இருந்த தடையை அமெரிக்க அரசு நீக்கியது. ஓரிரு நாளுள் ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் பொருட்கள் நிறைந்த வாளியொன்றை மறைத்துவைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்குகளை அறிவித்தார். உலகெங்கும் பரவிய புதியதொரு தேடல் விளையாட்டு அதிலிருந்து தோன்றியது. ஆங்கும் கண்டெடுத்தவன் மீண்டும் மூடி, இருந்தவிடத்தே வைத்தல் வேண்டும் என்பதே முதல் நெறி.

போத்தல், தகரப்பெட்டி, வருகைப் புத்தகம், தபாலட்டை, இறப்பர் முத்திரை என இவ்வழக்கம் அடைந்த மாற்றங்கள் பல. ஒவ்வொரு மாற்றமும் முன்னையினும் பலருக்கு வழிதிறந்தது. திறந்தவிடத்தெல்லாம் பொறுப்பும் பங்கிடப்படவேண்டியதாயிற்று. மாறாது நின்றது ஒன்றே: தனக்கு முன் வந்தவன் வைத்ததைக் காத்து, தனக்குப் பின் வருபவனுக்கென மூடிவைத்தல். வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அப்பள்ளத்தாக்குப் பள்ளிகள் செய்த பணியைச் சிறப்பாக மனங்கொள்ளுதல் நன்று. ஊரின் வரலாறு எழுதப்படும்வரை காத்திராது, முதியோரைக் கேட்டும், கற்களைப் பார்த்தும், பாதைகளில் நடந்தும் அதனை எழுதத் துணிந்தோர் அம்மாணவர். அவர்கள் ஒளித்துவைத்த பெட்டிகளைக் காட்டிலும் அவர்கள் சேர்த்துவைத்த ஊர் வரலாறே பின்வருவோர்க்குப் பெரும் பயன் தருவதாகும்.